ஆறு நாள் கிளாஸ்கோவும் அந்த ஒரு நிமிடமும்

அன்பு மகனுக்கு,

முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. நேற்று மாலை ஐந்தேகால் மணி அளவில், நம் வீட்டு ஹாலில், அம்மாவையும் அவள் காலில் உள்ள மாவுக்கட்டையும் சாட்சியாக வைத்து, தேரடித் தெருவில் வாங்கிய சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி உன் தலையில் ஏற்றப்பட்டது. மூன்று முறை முயன்றும் அது காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. தலை பெரிது என்று ஒரு தரப்பும், தொப்பி சிறிது என்று மறு தரப்பும் வாதிட்டதைத் தொடர்ந்து, தொப்பி கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டுப் பெரிய அளவாக மாற்றப்பட்டது. தலை மாற்றப்படவில்லை. தகவலுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.

மகனே என்று அழைத்ததற்கு முறைக்காதே. ஊருக்குப் புறப்படுகிறவருக்கு வீட்டில் தங்குகிறவர் கடிதம் எழுதிக் கொடுப்பது நீ ஆரம்பித்து வைத்த வழக்கம். மூன்று வருடம் முன்னால் அக்கா நர்ஸ் வேலைக்காக கிளாஸ்கோ கிளம்பியபோது, விமான நிலையத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு பக்கம் எழுதி அவள் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்தாய். 'அன்பு மகளுக்கு' என்று தொடங்கும் அதை அவளுக்கு முன்னால் நான் படித்துவிட்டேன். பாஸ்போர்ட்டை எந்தப் பையில் வைப்பது, அங்கே பாலைக் காய்ச்சாமல் குடிக்கலாமா என்றெல்லாம் இருந்தது. 'போய் வா' என்று மட்டும் எங்கும் இல்லை. இப்போது புறப்படுவது நீ. வீட்டில் தங்கும் பெரியவர் அம்மா, அவள் கால் நாற்காலிமேல் இருக்கிறது. அடுத்த பெரியவன் பிளஸ் டூ படிக்கும் நான். ஆகவே இந்த ஆறு நாளுக்கு நான் அப்பா, நீ பிள்ளை. 'நீ' என்று எழுதுவதை அந்த முறையில் பொறுத்துக்கொள். நாளைக்கு மீனம்பாக்கத்தில் வாசலில் வைத்து இதை உன் கையில் கொடுப்பேன். விமானத்தில் ஏறி, பெல்ட் போட்ட பிறகு பிரி. இறங்கி வந்து என் காதைத் திருக முடியாத உயரம் எனக்கு வேண்டும்.

நீ போவது அக்காவின் கல்யாணத்துக்கு. அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து, பிறகு கூட வேலை பார்க்கிறவர்களோடு ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். மாப்பிள்ளை நாகர்கோவில் பக்கம்; அவர் பேசுகிற தமிழைப் புரிந்துகொள்ள நமக்கு இன்னும் ஆறு மாதம் ஆகும். நீயும் அம்மாவும் சேர்ந்து போவதாகத்தான் ஏற்பாடு. விசாவும் இரண்டு பேருக்கும் வந்தது. மார்கழிப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போன அம்மா, அடி அண்ணாமலை தாண்டிக் கரும்புச் சக்கையில் கால் வைத்து வழுக்கி, கணுக்காலை முறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் நடந்த பேச்சு உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

"நீங்களாவது போங்க."

"என்ன யாரு கூப்ட்டாங்க? 'வர்றதும் வராததும் அப்பா சவுகரியம்'னுதான உன்கிட்ட சொல்லி இருக்கா."

"பெத்த பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிக வச்சாதான் போவீங்களா?"

"சரி, போறேன். ஆனா அவ வீட்ல தங்கமாட்டேன். டேய், அவ வீட்டுக்குப் பக்கமா ஒரு ஓட்டல் பாத்து ரூம் போடு. ரெண்டு வருஷமா ஒரு வார்த்த பேசாதவகிட்ட போய் காலைல எப்பிடி காபி கேக்கறது?"

டேய் என்று அழைக்கப்பட்டவன் நான். 'சரிப்பா' என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஆறு நாள் போகிறாய். அதற்குள் இது ஆறுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மகள் இருக்கிற ஊரில் ஓட்டலில் தங்கி, கல்யாணத்துக்கு ஒரு விருந்தாளி மாதிரி போய்விட்டு, கை குலுக்கிவிட்டு நீ திரும்பி வந்துவிட்டால், அதற்குப் பிறகு இதைச் சரிசெய்ய யாருக்கும் ஒரு சந்தர்ப்பம் வராது. நீங்கள் இருவரும் பேசாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது நீயும் இல்லை, அவளும் இல்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். உடனே எழுத வெட்கமாக இருக்கிறது. அதனால் குறிப்புகள் முன்னால், குற்றம் பின்னால்.

கிளாஸ்கோவைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் திருவண்ணாமலை மாவட்டத்தில் கிடையாது. ஒரு வாரத்தில் அந்த ஊரைக் கரைத்துக் குடித்துவிட்டேன். எந்தத் தெருவில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது வரை தெரியும். ஆகவே கவனமாகப் படி. அங்கே ஜனவரியில் சூரியன் அரை நாள் லீவு போட்ட ஆள் மாதிரி. எட்டே முக்காலுக்குத்தான் வரும். நாலு மணி அடித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். வெளியே பார்க்க வேண்டியதைப் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் பார்த்துக்கொள். பெரிய கோட்டு ஒன்றை மட்டும் நம்பாதே. மெல்லிசாக மூன்று, ஒன்றுமேல் ஒன்று போடு. ஏனென்றால் கடைக்குள் நுழைந்தால் சித்திரை. சூடு வைத்திருப்பார்கள், கழற்ற வேண்டும். வெளியே வந்தால் மார்கழி இல்லை, அந்தக் குளிருக்கு நம் பஞ்சாங்கத்தில் மாதமே இல்லை. உனக்குக் காதில்தான் முதலில் குளிர் ஏறும். அதனால்தான் தொப்பி காதை மூட வேண்டும் என்று நேற்று அவ்வளவு சண்டை போட்டேன். பதினோரு மணிக்கு உனக்குப் பசிக்கும். வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கோட்டின் இடது பையில் வை. வலது பையில் கண்ணாடிக் கூடு இருக்கும்.

உன் கறுப்புக் குடையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ. அங்கே மழை மேலிருந்து விழாது, பக்கத்திலிருந்து வரும். காற்று குடையைப் பூ மாதிரி விரித்துக் கையில் கொடுக்கும். தலைமூடி வைத்த மழைக் கோட்டுதான் சரி. குடை என்றதும் எனக்கு அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வருகிறது. எட்டாவது படித்தபோது உன் குடைக்குள் ஜிகினாத் தூளை அரைக் கிலோ கொட்டி மடித்து வைத்தேன். மனு நாளன்று, நீ வேலை பார்க்கும் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில், மனு கொடுக்க வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேர் முன்னால், நீ அதை விரித்தாய். மனு வாங்குகிற ஐயாவுக்கு இன்றைக்கு ஏதோ விசேஷம் என்று நினைத்து நாலு பேர் கை தட்டினார்களாம். நீ வீட்டுக்கு வந்து, சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஒரு ஜிகினாத் துண்டை எடுத்து, நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாய். நீ அடித்திருந்தால் எனக்கு அன்றைக்கே புத்தி வந்திருக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது நியாயம் இல்லை. நீ அடிக்க மாட்டாய் என்று தெரிந்துகொண்டு, அந்த தைரியத்தில் வளர்ந்தவன் நான்.

நடைபாதையில் சில நாள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி படிந்திருக்கும். கோயில் பிராகாரத்தில் எண்ணெய் கொட்டிய கல்லில் எப்படி நடப்போம், அப்படி நட. காலை முழுசாக ஊன்றி, சின்னச் சின்ன அடியாக. கையைப் பைக்குள் விடாதே. விழுந்தால் ஊன்றக் கை வேண்டும். வீட்டில் ஒரு மாவுக்கட்டு போதும். செருப்பைக் கழற்றி நடந்தே பழகிய கால் உன்னுடையது. அந்த ஷூவை நாளைக்குத்தான் முதலில் போடுவேன் என்று பத்திரமாக வைத்திருக்கிறாய். தயவுசெய்து இன்றைக்கே போட்டு ஹாலில் நாலு சுற்று நட.

சுற்று என்றதும் இன்னொன்று. கிளாஸ்கோவில் பூமிக்கடியில் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. தடம் ஒரே ஒரு வட்டம், பதினைந்து நிறுத்தம். தூங்கிப் போனாலும் ஏறின இடத்துக்கே வந்து சேர்வாய். முழுச் சுற்றுக்கு அரை மணி கூட ஆகாது. நம் கிரிவலத்தை ரயிலில் ஏற்றியது மாதிரி, நடுவில் மலை மட்டும் கிடையாது. வெளிவட்ட ரயில் வலமாகச் சுற்றும், உள்வட்ட ரயில் இடமாகச் சுற்றும். உன்னை எனக்குத் தெரியும். இடமாகப் போகிற வண்டியில் ஏற உன் கால் வராது. முந்தைய நிறுத்தத்துக்குப் போக வேண்டும் என்றாலும் பதினான்கு நிறுத்தம் வலம் வந்துதான் இறங்குவாய். ஒரு தரம் கிரிவலத்தில் டீக்கடைப் பெஞ்சில் மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டாய். கடையைத் தாண்டிப் பத்தடிதான் வந்திருப்போம். "திரும்பி நடக்கக் கூடாதுடா" என்று சொல்லி, கண் மங்கலாகவே பதினான்கு கிலோமீட்டரையும் முடித்து, மறுபடி அந்தக் கடைக்கு வந்து எடுத்தாய். அதை நான் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. நானும் ஒரு நாள் பத்தடி திரும்பி வந்து உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இரண்டு வருடம் சுற்றிவிட்டு இப்போது வந்து நிற்கிறேன்.

இன்னும் கொஞ்சம் பொறு, வருகிறேன். அந்த ஊர்க்காரர்கள் பேசுவார்கள். பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர் உன்னிடம் மழையைப் பற்றி ஆரம்பித்து, அவர் மாமியாரின் முட்டி வலியில் கொண்டுபோய் முடிப்பார். வேகமாகப் பேசுவார்கள். புரியவில்லை என்றால் தலையாட்டாதே, இன்னொரு தரம் சொல்லச் சொல், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது அங்கே பழக்கம், நீயும் சொல். இதெல்லாம் உனக்குச் சிரமமே இல்லை. மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்களிடம் "உக்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க, அப்பறம் சொல்லுங்க" என்று நீ பேசுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மாவட்டத்தில் உள்ள எல்லோருடைய குறையையும் கேட்கிற நீ, அக்காவிடம் மட்டும் 'என்னம்மா உன் குறை' என்று ஒரு தரம் கேட்கவில்லை. குத்திக் காட்டுவதாக நினைக்காதே. கேட்டிருந்தால் நான் அன்றைக்கே மாட்டியிருப்பேன். நீ கேட்காமல் இருந்ததைப் பார்த்து முதல் ஒரு மாதம் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தவன் நான்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதே. ஹேகிஸ் என்று ஒன்று கொண்டுவந்து வைப்பார்கள். ஆட்டின் ஈரல், நுரையீரல் எல்லாம் போட்டு, ஓட்ஸ் கலந்து அவித்தது. நம் ஊர்ப் போட்டிக் குழம்புக்கு அவர்கள் ஊர்ப் போட்டி. கல்யாணம் திங்கட்கிழமை வருகிறது, நீ அன்றைக்குச் சைவம். அதிலேயே சைவமாகவும் கிடைக்கும், கேட்டு வாங்கு. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பெரிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். நடுவில் பாடம் செய்த யானை ஒன்று நிற்கும். பழக்க தோஷத்தில் தலையைக் குனிந்து நிற்காதே, அது ஆசீர்வாதம் பண்ணாது.

கடைசியாக ஒரு சிலை. நகரத்தின் நடுவில், ஒரு பழைய படைத்தளபதி குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். ரோட்டில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே ஆரஞ்சு நிறக் கூம்பு, அதை யாரோ ராத்திரியோடு ராத்திரியாக அவர் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துவிட்டார்கள். எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். எத்தனையோ வருடமாக இதுவே நடந்து, இப்போது கூம்பு இல்லாமல் பார்த்தால் ஊர்க்காரர்களுக்கு அவரை அடையாளமே தெரியாதாம். இதைக் கேட்டதும் முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, நம் இனத்தவர் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று. பிறகு யோசித்தேன். அந்தச் சேட்டையில் யார் வீட்டிலும் சோறு இறங்காமல் போகவில்லை. தளபதி சிலை மாதிரி இருக்கிறார், ஏனென்றால் அவர் சிலைதான். நான் சேட்டை செய்த இரண்டு பேரும் சிலை இல்லை.

இதற்கு மேல் அப்பாவாக நடிக்க என்னால் முடியவில்லை. நடித்ததுதான் பிரச்சினையே. நீங்களே அப்பாவாக இருங்கள்.

தீபத்துக்கு நம் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு பேச்சு தயாராக இருக்கும். கார்த்திகை பிறந்ததும் ஏழாவது தலைமுறைச் சொந்தமெல்லாம் போன் பண்ணும், 'மொட்டை மாடியிலிருந்து மலை தெரியுமாமே' என்று. வேண்டாம் என்று சொல்ல முடியாது, வாங்க என்று சொன்னால் நாற்பது பேர். அதற்காக நீங்கள் ஒரு பேச்சு வைத்திருப்பீர்கள். எழுத்து மாறாமல் எனக்கு மனப்பாடம். "தாராளமா வாங்க. ஆனா பாருங்க, இந்த வருஷம் வண்டிய செங்கம் ரோட்லயே நிறுத்திடறாங்களாம், அங்கேர்ந்து நடைதான். வீட்ல தண்ணி வேற கம்மி. எதுர்ல மூணு மாடி எழுப்பிட்டான், மலை பாதிதான் தெரியுது. டிவில நல்லா காட்றான். அப்பறம் உங்க சவுகரியம்." அக்காவும் நானும் சின்ன வயசில் கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். வரவேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வினையே அதில்தான் வந்தது.

அவள் ஊரில் இருந்தவரை எனக்குக் கீச்சுக் குரல். அவள் போன பிறகுதான் குரல் உடைந்து, ஒரு நாள் பார்த்தால் உங்கள் குரல் என் தொண்டையில் உட்கார்ந்திருந்தது. மாடியிலிருந்து "காபி கொண்டாம்மா" என்று கூப்பிட்டால் அம்மா இரண்டு டம்ளரோடு வருவாள். அந்த வித்தை இரண்டு வருடம் முன்னால் தீபத்தன்று காலையில் என்னைக் கெடுத்தது. நீங்கள் யாரோ சொந்தக்காரர் வண்டி நிறுத்த இடம் பார்க்கப் போயிருந்தீர்கள். உங்கள் போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் இருந்தது. வாட்ஸாப்பில் அக்கா கூப்பிட்டாள். எடுத்தேன். "அப்பா, நான்தான். தீபத்துக்கு வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன்" என்றாள். கிளாஸ்கோவில் இருக்கிறவள் தீபத்தன்று காலையில் அப்படிச் சொன்னால் விளையாடுகிறாள் என்றுதானே நினைப்பேன். நானும் விளையாடினேன். "தாராளமா வாம்மா. ஆனா பாரு" என்று தொடங்கி, வண்டி, தண்ணி, மூணு மாடி, டிவி, ஒன்றையும் விடாமல், நீங்கள் நடுவில் இருமுவீர்களே, அந்த இருமலோடு, "அப்பறம் உன் சவுகரியம்" வரைக்கும் சொன்னேன். ஒரு நிமிடம் இருக்கும். அவள் "சரிப்பா" என்றாள்.

நான் சிரித்துவிட்டு, "ஏமாந்தியாக்கா, நான்தான்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஊரில் அத்தனை ஜனம் இறங்கும் நாளில் டவர் திணறும் என்று தெரியும். லைன் எந்த நொடியில் அறுந்தது என்று தெரியவில்லை. திரும்ப நாலு தரம் போட்டேன், போகவில்லை. ஐந்தாவது தரம் போடுவதற்குள் தெருவில் பையன்கள் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். நாலே தரம்தான் போட்டேன், அப்பா. நீங்கள் பார்த்த கீழ்பென்னாத்தூர் வரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பியதும், நீங்கள் வழியனுப்ப வராததும் அவள் மனசில் எப்படிக் கிடந்தது என்று யோசிக்கிற வயசு எனக்கு அப்போது இல்லை என்று சொல்லலாம். பதினைந்து வயசில் அது தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அம்மா சொன்னாள். அக்காவோடு படித்த பெண்ணின் அம்மாவைப் பூக்கடையில் பார்த்தாளாம்.

"நம்ம பொண்ணு தீபத்தப்போ மெட்ராஸ்ல அவங்க பொண்ணு ரூம்லதான் இருந்தாளாம். நாலு நாள். அப்பறம் ஏரோப்ளேன் ஏறிட்டாளாம்."

"மெட்ராஸ் வரைக்கும் வந்தாளா?"

"வந்துதான் இருக்கா."

"நாலு மணி நேரம்தான இங்க வர்றதுக்கு." நீங்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தீர்கள். பிறகு, "கொழம்புல உப்பு ஜாஸ்தி" என்று எழுந்துவிட்டீர்கள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. என் வாயில் அப்போது அப்பளம் இருந்தது. மென்று முடிக்கிற வரைக்கும் பேசாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். முடித்த பிறகும் பேசவில்லை. அன்றைக்குப் பேசாததால் மறுநாள் பேசுவது கஷ்டமாக இருந்தது, மறுநாள் பேசாததால் மறு மாதம். அவள் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்யும் நேரத்தில் நீங்கள் மோட்டார் போட மாடிக்குப் போவீர்கள். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கீழே கேட்கும். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 'அப்பா சவுகரியம்' என்று அவள் அம்மாவிடம் சொன்னதை நீங்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டீர்கள். அது நான் கொடுத்த வார்த்தை, அவள் திருப்பிக் கொடுத்தாள். நம் ஊரில் ஊடலுக்குத் தனியாகத் தெருவே இருக்கிறது. தை பிறந்தால் சாமியும் அம்மனும் அங்கே சண்டை போட்டு, மறுநாளே சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் எந்தச் சாமியும் தாங்காது.

மன்னிப்புக் கேட்க எனக்குச் சரியான வார்த்தை தெரியவில்லை. வார்த்தையை வைத்து விளையாடியே காலத்தை ஓட்டியவனுக்கு, வேண்டிய நேரத்தில் ஒன்று கூட வரவில்லை. தப்பு என்னுடையது, முழுக்க. ஒன்றை மட்டும் பயந்துகொண்டே எழுதுகிறேன். அந்தப் பேச்சை நீங்கள் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று அவள் நம்பினாள் அல்லவா, அதற்கு மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவளுக்கு எழுதிய பன்னிரண்டு பக்கத்தில் விட்டுப்போன வார்த்தையாக இருந்தாலும் போதும். இதைச் சொல்ல எனக்கு வயசு போதாது. சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன வாரம் ஓட்டல் தேட உட்கார்ந்தபோது அக்கா வீட்டு விலாசம் தேவைப்பட்டது. போன் பண்ணினேன். "எதுக்குடா அட்ரஸ்?" என்றாள். "அப்பாவுக்குப் பக்கத்துல ஓட்டல் போடணும்" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அது நீயா?" என்றாள்.

"நான்தான்."

"ரெண்டு வருஷமா அந்த ஒரு நிமிஷம் தெனம் என் காதுல ஓடிட்டு இருக்குடா."

"அப்பாகிட்ட நீயே சொல்லிடேன்க்கா."

"நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும். உன் கொரல்ல சொல்லு." வைத்துவிட்டாள்.

என் குரலில் சொல்ல எனக்கு வரவில்லை. வாயைத் திறந்தால் உங்கள் குரல்தான் வருகிறது. அதனால்தான் எழுதினேன். மறுநாள் அவளிடமிருந்து வரிசையாகப் பதினொரு குரல் பதிவு வந்தது. நலமா என்று ஒரு வார்த்தை இல்லை, எனக்குத் திட்டும் இல்லை. 'அவருக்குக் காதுலதான் மொதல்ல குளிர் ஏறும், தொப்பி காத மூடணும்.' 'பதினோரு மணிக்குப் பசிக்கும், கடலை வறுத்துக் குடுத்து அனுப்பு.' 'ரயில்ல எடப்பக்கம் சுத்தறதுல ஏறமாட்டாரு, சொல்லி வை.' கரைத்துக் குடித்தேன் என்று மேலே பீற்றிக்கொண்டேனே, அந்தக் கிளாஸ்கோ முழுக்க அவள் சொன்னது. வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டே பேசியிருக்கிறாள், காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. பதினொன்றாவது பதிவில் குறிப்பு எதுவும் இல்லை. "ஜன்னல் பக்கம் ரூம ஒழிச்சு வச்சிருக்கேன். ஃபேன் சத்தம் இல்லாம அவருக்குத் தூக்கம் வராது, ஒரு ஃபேன் வாங்கிட்டேன். இந்தக் குளிர்ல ஃபேன் கேட்டேன்னு கடைக்காரன் என்ன ஒரு மாதிரி பாத்தான்."

இறங்கியதும் அங்கே அதிகாரி உங்களிடம் எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்பார். ஓட்டல் பெயரைத் தேடிப் பையைத் துழாவ வேண்டாம். 'போட்டாச்சுப்பா' என்று உங்களிடம் சொன்னது பொய், நான் எந்த ரூமும் போடவில்லை. அந்த ஊரில் உங்களுக்கு ஒரே ஒரு விலாசம்தான் இருக்கிறது. அக்கா சொல்லச் சொல்ல இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.